ஹாட்பேக்கும் தணலும்: தங்கவயல் வட்டாரத்தில் ஒரு மாட்டிறைச்சிக் கேசரோலின் வரலாறு

தமிழ்நாட்டிலும் அதை ஒட்டிய சித்தூர் வட்டாரத்திலும் ‘கேசரோல்’ என்று சொன்னால் இட்லியோ சப்பாத்தியோ சூடாறாமல் வைக்கும் பாத்திரம்தான் நினைவுக்கு வரும். ஹாட்பேக் என்பதன் மறுபெயர் அது. சீர்வரிசையில் சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்றை அடுக்கி வைப்பார்கள். சமையலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. சமைத்தது அதற்குள் போய் அமரும், அவ்வளவே. பிரெஞ்சு மொழியில் இச்சொல் கைப்பிடி வைத்த சட்டியைக் குறிக்கும். ஆங்கிலத்துக்குப் போனபோது மூடியிட்ட கனத்த பாத்திரத்தைக் குறித்தது. பிறகு, அப்பாத்திரத்தில் இறைச்சியையும் காய்களையும் சாற்றோடு சேர்த்து ஓவனுக்குள் வைத்து மெல்ல வேகவிடும் உணவுக்கும் அதுவே பெயரானது. நம்மிடம் வந்து சேர்ந்ததோ பாத்திரத்தின் பெயர் மட்டுமே. உணவு வரவில்லை.

வரவில்லை என்பதும் முழு உண்மையன்று. வந்தது, ஒரு சில வீடுகளில் நூறாண்டுக்கு மேல் வாழ்ந்தது, அவ்வீடுகளின் சமையற்கட்டில் அதைச் செய்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். ஆனால் அவர்கள் தம் வீட்டில் அதைச் செய்வதற்கு வழி இருக்கவில்லை. இந்த முரணைப் பற்றியே இப்பதிவு. சற்று நீளமானது, பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். இறுதிப் பகுதியில் செய்முறையும் உண்டு.

முதலில் அந்த உணவின் ஊர்க்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரே பாத்திரத்தில் இறைச்சியும் கிழங்கும் வேகும் உணவு ஐரோப்பிய உழைப்பாளர் வீடுகளில் பழையது. இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் மேலே உருளைக்கிழங்கு வில்லைகளை அடுக்கிச் செய்யும் ‘ஹாட்பாட்’ அத்தகையது. அதை ‘வேலை நாள் இரவுக்கு எளிதான உணவு’ என்று மாற்றியது 20ஆம் நூற்றாண்டின் அமெரிக்கா. 1915இல் பைரெக்ஸ் கண்ணாடிப் பாத்திரம் கடைக்கு வந்தது. ஓவனில் வெந்த பாத்திரத்தையே மேசைக்கும் கொண்டு செல்ல முடிந்தது. 1934இல் கேம்பெல் நிறுவனம் காளான் சூப்பைத் தகர டப்பியில் அடைத்து விற்றது. குழம்பு கூட்டும் வேலையும் குறைந்தது. வேலைக்குப் போய்த் திரும்பும் பெண், எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு ஓவனுக்குள் தள்ளிவிட்டு வேறு வேலை பார்க்கலாம் என்பதே அதன் கவர்ச்சி. அந்த எளிமைக்குள் சில முன்தேவைகள் ஒளிந்திருப்பதைக் கவனிக்க வேண்டும்: வீட்டுக்கு ஓர் ஓவன், அதற்கு எரிவாயுவோ மின்சாரமோ, இளம் மாட்டின் மென்மையான இறைச்சி. இம்மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் எளிமை போய்விடும். மூன்றும் நம் வட்டாரத்தில் எப்படி இருந்தன என்று கேட்டால் வரலாறு பேசத் தொடங்குகிறது.

சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், குப்பத்திலிருந்து வி.கோட்டா வழியாகப் பலமநேர் செல்லும் சாலையில் இருக்கிறது சாந்திபுரம். தெற்கே தமிழ்நாடு, மேற்கே கர்நாடகம். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே சந்தையில் புழங்கும் பகுதி இது. 1997இல் திராவிடப் பல்கலைக்கழகத்தைக் குப்பத்தில் அமைத்ததற்கு இந்த மொழிச் சூழலும் ஒரு காரணம். சித்தூர் மாவட்டம் 1911இல்தான் தனியாக உருவானது. அதற்கு முன் சித்தூர் நகரமே வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைமையிடம். ஆகவே 19ஆம் நூற்றாண்டு ஆவணங்களில் ‘வட ஆர்க்காட்டிலிருந்து வந்த கூலிகள்’ என்று படிக்கும்போது வேலூர், குடியாத்தம், ஆம்பூர் மட்டும் நினைவுக்கு வந்தால் போதாது. இந்தப் பகுதியும் அதில் அடங்கும்.

அந்தக் கூலிகள் எங்கே போனார்கள்? மேற்கே, கோலார் தங்கவயலுக்கு. இரண்டு நிலப்பகுதிகளையும் இணைப்பது சாலை மட்டுமன்று. தங்கம் கிடைக்கும் கோலார்ப் பாறைப் பட்டையின் தென்கோடி சித்தூர் மாவட்டத்துக்குள் நீள்கிறது. குப்பத்தை அடுத்த சிகரகுண்டாவில் பாரத தங்கச் சுரங்க நிறுவனம் சுரங்கம் நடத்தியதும் அதனால்தான்.

மைக்கேல் ஃபிட்ஸ்ஜெரால்டு லாவெல் என்ற ஓய்வுபெற்ற அயர்லாந்துப் படைவீரர் 1873இல் மைசூர் அரசிடம் தங்கம் தேடும் உரிமை கேட்டதில் தொடங்கி, 1880இல் லண்டனின் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் நுழைந்தது வரையிலான கதையைப் பலரும் அறிவர். அந்நிறுவனத்தின் வேர் இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான கார்ன்வாலின் தாமிர, வெள்ளீயச் சுரங்கங்களில் இருந்தது. ஆகவே தங்கவயலுக்கு மேற்பார்வையாளராகவும் தேர்ந்த சுரங்கத் தொழிலாளராகவும் வந்த ஐரோப்பியரில் கார்ன்வால்காரர் கணிசம். கார்ன்வால் சுரங்கத் தொழிலாளியின் உணவு உலகறிந்தது: பேஸ்டி. மைதா மாவு அப்பத்துக்குள் மாட்டிறைச்சித் துண்டு, உருளைக்கிழங்கு, வெங்காயம், டர்னிப் வகைக் கிழங்கு ஆகியவற்றைப் பச்சையாகவே வைத்து, விளிம்பை மடித்துத் திருகி, ஓவனில் மெல்ல வேகவைப்பது. 2011இல் ஐரோப்பிய ஒன்றியம் இதற்குப் புவிசார் பாதுகாப்பு வழங்கியபோது வகுத்த விதி சுவையானது. மாட்டிறைச்சி குறைந்தது 12.5 விழுக்காடு இருந்தால் போதும். காய் குறைந்தது 25 விழுக்காடு இருக்க வேண்டும். இறைச்சியைப் போல் இரு மடங்கு காய்! கறி குறைவு, வயிறு அதிகம் என்ற வீட்டின் கணக்கு இது. நம்மூரில் அரைக் கிலோ கறியில் முள்ளங்கியையோ கத்தரிக்காயையோ உருளைக்கிழங்கையோ போட்டுக் குழம்பைப் பெருக்குவது இதே கணக்குத்தான். பேஸ்டியை மேலோடு இல்லாமல், சட்டியில் அடுக்கினால் அதுவே மாட்டிறைச்சிக் காய்கறிக் கேசரோல்.

இங்கே ஒரு புதிர் இருக்கிறது. இந்நிறுவனத்தை நிறுவிய மூத்த ஜான் டெய்லர் 1820களில் மெக்சிகோவின் ரியல் டெல் மோன்டே வெள்ளிச் சுரங்க முயற்சியிலும் முன்னணியில் நின்றவர். அங்கும் கார்ன்வால் தொழிலாளர் கப்பலேறிப் போனார்கள். பிரித்தானிய நிறுவனம் நட்டமடைந்து 1849இல் கைமாறியது. ஆனால் பேஸ்டி அங்கேயே தங்கிவிட்டது. ‘பாஸ்தே’ என்ற பெயரில், மிளகாயும் மோலே சாறும் சேர்த்து, இன்று ஹிடால்கோ மாநிலத்தின் அடையாள உணவாகத் தெருவெங்கும் விற்கிறது. ரியல் டெல் மோன்டே ஊரில் அதற்கென ஆண்டுவிழாவே நடக்கிறது. ஆஸ்திரேலியாவின் மூண்டாவிலும் அமெரிக்காவின் வடக்கு மிச்சிகனிலும் இதே கதை. தங்கவயலிலும் கார்ன்வால்காரர்கள் நெடுங்காலம் இருந்தார்கள். ஏன் இங்கே மாரிக்குப்பத்துத் தேநீர்க் கடையில் பேஸ்டி விற்கவில்லை?

‘மாட்டிறைச்சி இங்கே விலக்கு, அதனால்தான்’ என்பது எளிதில் தோன்றும் விடை. அது தவறு. தங்கவயலின் சுரங்கத் தொழிலாளருள் மிகப் பெரும்பான்மையோர் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்த ஒடுக்கப்பட்ட சாதியினர்; தமிழ் பேசும் பறையர்களே அதிகம். மாட்டிறைச்சி அவர்களுக்குப் புதிதன்று. பேஸ்டிக்கு வேண்டியவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால் தெளிவாகும்: கோதுமை மாவு, அதைப் பிசையக் கொழுப்பு, உருளைக்கிழங்கு, மாட்டிறைச்சி, ஓவன். இந்த ஐந்தில் தொழிலாளியின் வீட்டில் முன்பே இருந்தது மாட்டிறைச்சி மட்டும்தான்! அவர்களது அன்றாடம் கேழ்வரகும் அரிசியும். கோதுமை இந்த மண்ணின் பயிரல்ல. மெக்சிகோவில் ஸ்பானியர் ஆட்சி மூன்று நூற்றாண்டுகளாகக் கோதுமை ரொட்டியையும் அதைச் சுடும் அடுப்பையும் ஊர்தோறும் பரப்பியிருந்தது. கார்ன்வால்காரர் போனபோது அடுப்பு ஆயத்தமாக இருந்தது.

தங்கவயலில் தொழிலாளி குடியிருந்தது மூங்கில் தட்டியால் ஆன சிறு குடிசையில். ஜானகி நாயர் 1998இல் வெளியிட்ட ‘மைனர்ஸ் அண்டு மில்ஹேண்ட்ஸ்’ என்ற நூலில் இத்தட்டிக் குடிசைகளின் நிலையும் அவற்றுக்கு நேர் எதிரான பங்களா வாழ்வும் பதிவாகியுள்ளன. தட்டி வீட்டுக்குள் செங்கல் ஓவன் கட்ட முடியாது. மூன்று கல் அடுப்பின் தீயே ஆபத்து. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பியிழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். அந்தக் காலத்தில் உலக அளவிலேயே நீண்ட மின்தடங்களுள் ஒன்று என்று பெருமையோடு சொல்வது வழக்கம். அது வந்தது பாறையை உடைக்கவும் தாதுவை அரைக்கவும்; தொழிலாளியின் சட்டியைச் சுடவைக்க அல்ல.

மொழியிலும் இதற்குத் தடயம் உண்டு. ஈழத்தமிழில் ஓவனுக்குப் ‘போறணை’ என்ற சொல் இருக்கிறது. போர்த்துக்கேயரின் ‘ஃபோர்னோ’விலிருந்து வந்து, ரொட்டிக்கடை வழியாகத் தெருவில் புழங்கிய சொல். நம் பக்கத்தில் அப்படி எதுவும் பரவலாக ஊன்றவில்லை. ‘ஓவன்’ என்றே சொல்கிறோம். பொருள் வீட்டுக்குள் வராதபோது சொல்லுக்கு என்ன வேலை?

ஆனால் ஓவனை அறிந்த தமிழர்கள் இருந்தார்கள். பங்களாக்களின் சமையற்கட்டில் அவர்கள் நின்றார்கள். சென்னை மாகாணத்தில் ஐரோப்பியர் வீட்டுச் சமையலுக்கு மாட்டிறைச்சியைத் தொட்டு வெட்டிச் சமைக்கும் ஆள் வேண்டும். சாதி இந்துக்களில் பெரும்பாலோர் அதைச் செய்யமாட்டார்கள். ஆகவே சமையல்காரர், உதவியாள், பட்லர் ஆகிய வேலைகள் பறையர்களுக்கும், அவர்களிலிருந்து கிறித்தவரானோருக்கும், முஸ்லிம்களுக்கும் சென்றன. எச்செயலைக் காட்டிச் சேரிக்கு அப்பால் அவர்களை நிறுத்தியதோ, அதே செயல் இங்கே சம்பளத்துக்குரிய தகுதியாயிற்று. இதை விடுதலை என்று கொண்டாடும் மனநிலை எனக்கில்லை. அந்த ஊதியத்தைக் கொண்டு பள்ளிக்குப் போன தலைமுறை ஒன்று உண்டு என்பதை மறுக்கவும் இல்லை.

சென்னைக் குதிரைப்படை அதிகாரியான கென்னி-ஹெர்பர்ட் ‘வைவர்ன்’ என்ற புனைபெயரில் எழுதிய சமையல் நூலை 1878இல் சென்னை ஹிக்கின்பாதம்ஸ் வெளியிட்டது. சென்னைவாழ் ஆங்கிலேயருக்காக எழுதிய நூல். அதில் தமிழ்ச் சமையல்காரருக்கு ‘ராமசாமி’ என்று ஒரே பெயர். யாராக இருந்தாலும் ராமசாமிதான். வைவர்ன் நேர்மையானவர், நம் பங்களாச் சமையற்கட்டுகள் வீட்டுக்குத் தொலைவில், புகை மண்டி, போதிய கருவியின்றிக் கிடக்கின்றன என்று தம் இனத்தாரையே கடிந்துகொண்டவர். அந்தக் கட்டில் நின்றபடியே அந்த ‘ராமசாமி’ பிரெஞ்சு முறைச் சாறுகளைக் காய்ச்சினார், பையும் கேசரோலும் செய்தார். வீட்டு எசமானி மேசையில் காணும்போது அது எளிமையாகத்தான் இருந்திருக்கும். எளிமையின் உழைப்புப் பகுதி நாற்பது அடி தள்ளி, புகைக்குள் நடந்தது.

கருவியில்லாமல் எப்படிச் செய்தார்கள் என்பதுதான் எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த பகுதி. தென்னிந்திய ஆங்கிலோ இந்திய வீடுகளில் ஓவன் இல்லாதபோது கனமான தேக்சாவை மெல்லிய தணலில் ஏற்றி, தட்டையான மூடியின் மேலும் எரியும் கரியைப் பரப்பினார்கள். கேக்குக்கு உள்ளே மணல் பரப்பி அதன்மேல் தட்டு வைப்பார்கள். கேசரோலுக்கு மணல் தேவையில்லை, சாறு இருக்கிறது. மேல் தணலும் கீழ் தணலும் சேர்ந்தால் பாத்திரமே ஓவன். ஐரோப்பாவின் வார்ப்பிரும்பு ‘டச்சு ஓவன்’ இதே தத்துவம். ஆனால் இதைக் கற்பிக்க ஐரோப்பியர் யாரும் வேண்டியிருந்திருக்காது என்றே கருதுகிறேன். குப்பத்திலிருந்து ரயிலேறினால் சிறிது நேரத்தில் ஜோலார்பேட்டை, அதைத் தாண்டினால் வாணியம்பாடி, ஆம்பூர். பிரியாணியைத் தம் போடும் பண்டாரிகள் அண்டா மூடியின்மேல் கரித்தணலை அள்ளிக் கொட்டுவதை இன்றும் அங்கே பார்க்கலாம். தோல் பதனிடும் தொழிலால் செழித்த அவ்வூர்களில் மாட்டிறைச்சியும் தணலும் அன்றாடம் சந்தித்தன. பெங்களூர் செல்லும் ரயில்பாதை 1864இலேயே இவ்வூர்களையும் குப்பத்தையும் ஒரே கோட்டில் கோத்துவிட்டது. சமையல்காரரும் அதில் போய்வந்தார், முறையும் போய்வந்திருக்கும். இது என் ஊகம். வலுவான ஊகம் என்று நம்புகிறேன்.

சான்றுக்கு வருவோம். பங்களாவின் பக்கம் சான்று உண்டு. தங்கவயலில் பிறந்த பிரிட்ஜெட் வொயிட்-குமார் ஆங்கிலோ இந்தியச் சமையல் நூல்களையும் தங்கவயல் நினைவுகளையும் எழுதி, ஒரு சமூகத்தின் சுவையைக் காத்திருக்கிறார். பால் கறி எனப்படும் கோலா உருண்டைக் குழம்பு, மஞ்சள் சோறு, மிளகுத் தண்ணீர், கட்லெட், பை என அந்த மேசை நமக்குக் கிடைத்துவிட்டது. அடுப்பின் பக்கம்தான் வெறுமை. தங்கவயல் தமிழ்த் தொழிலாளர் எழுதத் தெரியாதவர்கள் அல்லர். அயோத்திதாசரின் தென்னிந்திய சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் வலிமையான கிளை இருந்தது. சாம்பியன் ரீஃபிலிருந்து சித்தார்த்தா புத்தகசாலை நூல்களை அச்சிட்டது. ‘தமிழன்’ இதழ் 1920களில் அங்கிருந்தே மீண்டும் வெளிவந்தது. சாதி, சமயம், வரலாறு, கல்வி என எல்லாவற்றையும் அச்சிட்ட சமூகம் தன் சமையலை அச்சிடவில்லை. அதற்குக் காரணம் உண்டு. மாட்டிறைச்சியே தீண்டாமைக்குச் சாட்டாக இருந்த காலத்தில், தன்மதிப்பு வேண்டிப் போராடிய மக்கள் அதை நூலாக்க முன்வருவார்களா? 1927இல் மகாடில் அம்பேத்கர் இறந்த மாட்டின் இறைச்சியைக் கைவிடுமாறு தம் மக்களிடம் கேட்டார்; 1948இல் ‘தீண்டப்படாதோர்’ நூலில் மாட்டிறைச்சிக்கும் தீண்டாமைக்கும் உள்ள உறவை ஆய்வுப் பொருளாக்கினார். அந்த விவாதத்தின் சூட்டில் ‘இரண்டு வெங்காயம் பொடியாக நறுக்கவும்’ என்று எழுதுவதற்கு இடமிருந்திருக்காது.

நிறுவனத்தின் பக்கம் பார்த்தால், 1930இல் தொழிலாளர் கைரேகையைக் கட்டாயமாகப் பதியும் திட்டம் வந்தது; அதை எதிர்த்துப் பெரும் வேலைநிறுத்தம் வெடித்தது. அந்தக் கைகள் எதைச் சமைத்தன என்று கேட்கும் படிவம் எதுவும் அக்கோப்புகளில் இல்லை.

இனி இறைச்சிக்கு வருகிறேன். இது செய்முறையையே மாற்றும் செய்தி என்பதால் நின்று சொல்ல வேண்டியிருக்கிறது. சாந்திபுரத்தைச் சுற்றி மூன்று மாநிலங்கள், மூன்று சட்டங்கள். தமிழ்நாட்டின் 1958ஆம் ஆண்டு கால்நடைப் பாதுகாப்புச் சட்டம் பத்து வயதைக் கடந்து, உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாதவற்றையே சான்றிதழோடு வெட்ட இசைகிறது. பசுவுக்கு 1976இல் அரசாணை வழியாகத் தடை. ஆந்திரத்தின் 1977ஆம் ஆண்டுச் சட்டம் பசுவையும் கன்றுகளையும் விலக்கி, காளை, எருது, எருமை ஆகியவற்றை உழைக்க உதவாத நிலையில் சான்றிதழோடு விடுகிறது. கர்நாடகத்தின் 2020ஆம் ஆண்டுச் சட்டம் பதின்மூன்று வயதைத் தாண்டிய எருமையைத் தவிர வேறு எதையும் விடவில்லை. ஒரு சைக்கிள் பயணத் தொலைவுக்குள் ஒரே குழம்பு மூன்று விதமான சட்டப்பொருளாகிறது!

இச்சட்டங்களின் அரசியலை வேறொரு பதிவில் பேசலாம். சமையலுக்கு உரிய உண்மை ஒன்றுண்டு: நம் கடையில் கிடைப்பது கிழட்டு மாட்டின் கறி. பத்து ஆண்டு ஏர் இழுத்த தசையில் இணைப்புத் திசு மிகுதி. அதன் கொலாஜன் இழைகள் வயதாக வயதாக ஒன்றோடொன்று இறுகப் பிணைகின்றன. அவை இளகிக் கூழாக மாறச் சூடும் ஈரமும் நெடுநேரமும் வேண்டும். அமெரிக்கச் செய்முறைகள் மனத்தில் கொண்டிருப்பது இரண்டு வயதுகூட நிரம்பாத இளம் மாட்டை. அதை நம்பி, ‘180 டிகிரியில் ஒரு மணி நேரம்’ என்று நம்மூர்க் கறியை ஓவனில் வைத்தால் காய் குழைந்துவிடும், கறி செருப்பாகிவிடும். நம் பக்கத்துக்கு ஏற்றது இருபடி முறை: முதலில் குக்கர், பிறகு ஓவன். ஹாக்கின்ஸ் நிறுவனம் மும்பையில் தொடங்கிய 1959ஐ ஒட்டிய காலத்தில் இந்திய வீடுகளுக்கு வரத் தொடங்கிய பிரஷர் குக்கர்தான், என் பார்வையில், கிழட்டு மாட்டுக்கறியை வேலை நாள் இரவுக்கு உரியதாக்கிய கருவி. ஓவனால் முடியாததை அது செய்தது.

நால்வருக்கான அளவு. முன்சப்பைக் கறி அரைக் கிலோ, ஓரங்குலத் துண்டுகள். மிளகுத்தூள் ஒரு தேக்கரண்டி, உப்பு, ஒரு மேசைக்கரண்டி மைதா ஆகியவற்றில் பிரட்டி, குக்கரிலேயே இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் எல்லாப் பக்கமும் பழுப்பேற வதக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டால் நீர் விட்டு வெந்துவிடும். இரண்டு தவணையாக வதக்குவது நல்லது. கறியை எடுத்துவிட்டு அதே எண்ணெயில் பெரிய வெங்காயம் இரண்டு, பூண்டு ஆறு பல், சிறு துண்டு இஞ்சி, பட்டை ஒன்று, கிராம்பு மூன்று, தக்காளி இரண்டு. வதங்கியதும் கறியைச் சேர்த்து, ஒன்றரைக் குவளை வெந்நீரும் ஒரு தேக்கரண்டி வினிகரும் ஊற்றி, அடியில் ஒட்டியதைச் சுரண்டிவிட்டு மூடவும். ஒரு விசில் வந்தபின் தீயைத் தணித்து 25 நிமிடம். கறி முற்றல் என்றால் 35. இதுவரை முந்தின இரவே செய்து குளிர்பெட்டியில் வைத்துவிடலாம். மறுநாள் சுவை கூடுமே தவிரக் குறையாது. மேலே உறையும் கொழுப்பில் பாதியை வழித்துவிடலாம்.

மறுநாள் மாலை வேலை சிறிதுதான். கேரட் இரண்டு, நூக்கல் ஒன்று, பீன்ஸ் ஒரு கைப்பிடி, பட்டாணி அரைக் குவளை. கண்ணாடிப் பாத்திரத்திலோ கனத்த அலுமினியத் தட்டிலோ கறியையும் சாற்றையும் சூடாக்கி ஊற்றி, காய்களைப் பச்சையாகவே கலந்து பரப்பவும். கார்ன்வால் விதிப்படி காய் கறியைவிட மிகுந்தே இருக்கட்டும். மூன்று உருளைக்கிழங்கைத் தோல் சீவி மெல்லிய வில்லைகளாக்கி, ஓடு வேய்வதுபோல் ஒன்றன்மேல் ஒன்று படிய மேலே அடுக்கி, உருக்கிய வெண்ணெய் தடவி, உப்பும் மிளகும் தூவவும். 190 டிகிரிக்கு முன்பே சூடேற்றிய ஓ.டி.ஜி.யில் மூடி 40 நிமிடம், மூடி இல்லாமல் 15 நிமிடம். கிழங்கின் விளிம்பு சிவந்து, ஓரங்களில் சாறு கொதித்துக் கொப்புளிக்கும்போது எடுத்துப் பத்து நிமிடம் ஆறவிட வேண்டும். சாறு அப்போதுதான் கெட்டிப்படும்.

ஓவன் இல்லாதவர்கள் பழைய வழியில் போகலாம். அடிகனமான பாத்திரத்தைத் தோசைக்கல்லின்மேல் ஏற்றி, சிறு தீயில் வைத்து, தட்டையான மூடியில் ஒரு முறம் கரித்தணல் பரப்பவும். கதவு சன்னல்களைத் திறந்துவைத்தோ வெளியிலோ மட்டுமே செய்யவும். கிழங்கு மேலிருந்து சிவக்கும். வாணியம்பாடிப் பக்கத்து வழக்கப்படி கத்தரிக்காயைச் சேர்ப்பதையும் நான் பரிந்துரைப்பேன். ஆங்கிலேயர் ஒப்பமாட்டார்கள், கறிக்குப் பிடிக்கும்.

2001 பிப்ரவரி 28இல் தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அன்றிலிருந்து அவ்வூரின் மாலை வேறாகிவிட்டது. மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலை ரயிலில் ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவு திரும்புகிறார்கள். குப்பத்து நடைமேடையிலும் அதே காட்சி. கார்ன்வால் தொழிலாளிக்கும் அமெரிக்கப் பெண்ணுக்கும் இருந்த ‘நேரமில்லாத இரவு’ இப்போது இவர்களுடையது. தவணையில் வாங்கிய ஓ.டி.ஜி. சில வீடுகளில் குளிர்பெட்டியின்மேல் அமர்ந்திருக்கிறது. பிள்ளைகளின் பிறந்தநாள் கேக்குக்காக வாங்கியது. பங்களாவில் பாட்டன் இயக்கிய ஓவன் பேத்தியின் வீட்டுக்குச் சொந்தமாக வருவதற்கு நான்கு தலைமுறை ஆகியிருக்கிறது. வந்த நேரத்தில் கர்நாடகப் பக்கம் கறி கிடைப்பது அரிதாகிவிட்டது.

தமிழ்நாட்டுப் பக்கமும் நிலைமை எளிதன்று. 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் பிரியாணித் திருவிழாவுக்கு ஏற்பாடு செய்தபோது மாட்டுப் பிரியாணிக்கு அதில் இடம் தரவில்லை. எதிர்ப்பு எழுந்தது; மழையைக் காரணமாகச் சொல்லி விழா தள்ளிவைக்கப்பட்டது; மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. மூடிமேல் தணல் கொட்டும் அந்தக் கலை அவ்வூரில் வளர்ந்தது எந்தக் கறியோடு என்பதை அறிந்தவர்களுக்கு அந்த விலக்கலின் கனம் புரியும்.

என் தேவை ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். சாந்திபுரம், குப்பம், வி.கோட்டா, பேரணாம்பட்டு, தங்கவயல் பக்கங்களில் உங்கள் பாட்டனாரோ பாட்டியோ துரைவீட்டுச் சமையலில் இருந்திருந்தால், அவர்கள் வீட்டில் என்ன சமைத்தார்கள் என்பது நினைவிருந்தால் எழுதுங்கள். பங்களாவில் செய்தது எனக்கு ஓரளவு தெரியும். ஞாயிற்றுக்கிழமை விடுப்பில் வந்து தம் பிள்ளைகளுக்குச் செய்தது என்ன, அதில் பங்களாவின் முறை ஏதேனும் கலந்திருந்ததா, அதை எந்தப் பெயர் சொல்லி அழைத்தார்கள் என்பனவே எனக்கு வேண்டியவை. ‘இஷ்டு’ என்ற சொல்லை உங்கள் வீட்டில் எந்தக் குழம்புக்குச் சொல்வார்கள் என்பதும் தேவை. கையெழுத்துக் குறிப்பேடோ மளிகைக் கணக்கோ இருந்தால் படமெடுத்து உள்பெட்டியில் அனுப்பலாம். உங்கள் விருப்பமின்றிப் பெயர் எதையும் வெளியிடமாட்டேன்.